சின்ன 'அ'

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தைரியராஜ் கடை எங்கே என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். 'அரைப் பட்டாளம் டைப்பிங் சென்டர்' என்று கேட்டால் ஆட்டோக்காரரே கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவார். போர்டில் 'அன்னை ஜெராக்ஸ் & டைப்பிங்' என்றுதான் இருக்கிறது. ஆனால் ஊர் ஒரு பெயர் வைத்துவிட்டால் போர்டு எழுதுகிறவனால் என்ன செய்ய முடியும்?

அரைப் பட்டாளம் என்பது கேலிதான். அதில் பாதி நிஜமும் உண்டு. டெரிட்டோரியல் ஆர்மி என்று ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்தவன் வருஷத்தில் பத்து மாதம் பஸ் ஓட்டுவான், முந்திரி உடைப்பான், பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்துவான். இரண்டு மாதம் முகாமுக்குப் போய்த் துப்பாக்கி தூக்குவான். ஆள் போதவில்லை என்றால் அரசாங்கத்திலிருந்து ஒரு காகிதம் வரும். அன்றோடு பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டுப் பெட்டியைக் கட்ட வேண்டும். திரும்பி வர ஒரு வருஷமும் ஆகலாம், மூன்று வருஷமும் ஆகலாம். பெண் கேட்டுப் போகிற இடத்தில் "மாப்பிள்ள மிலிட்டரியா இல்லியா, ஒழுங்கா சொல்லுங்க" என்று இவர்களைப் படாத பாடு படுத்துவார்கள்.

அந்தப் பட்டாளத்தில் தைரியராஜ் இருபத்தாறு வருஷம் கிளார்க்காக இருந்தார். ஓய்வு பெற்று ஐந்து வருஷமாகிறது. அவர் துப்பாக்கி சுட்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம், காகிதம் எழுதியதை எண்ண முடியாது. எவனுக்கு எந்த ஊர், அப்பா பெயர் என்ன, அம்மா இருக்கிறாளா, கல்யாணம் ஆனதா, எல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த மனப்பாடத்தைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அந்தக் கர்வத்தால் வந்த வினைதான் இந்தக் கதை.

பழைய ஆட்கள் எல்லோரும் சேர்ந்து பட்டாலியனின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாகப் போடுவது என்று முடிவாகியிருந்தது. எழுதும் வேலை தைரியராஜ் தலையில் விழுந்தது. நாற்பது பக்கம் தட்டச்சு செய்து அனுப்பினார். மறுநாள் காலையில் அண்ணாகிராமத்திலிருந்து சுப்பராயலு போன் செய்தார். முன்னாள் சுபேதார். இப்போது முந்திரித் தோப்பு வைத்திருக்கிறார். தோப்பில் வேலை செய்பவர்களையும் அணிவகுப்பு மாதிரிதான் நிற்க வைப்பார் என்று ஊரில் பேச்சு.

"யோவ் கிளார்க், சீனா சண்டைக்கு அப்புறம் பட்டாளத்த ஆரம்பிச்சது கீது. நடுவுல கலைச்சது கீது, திரும்ப சேத்தது கீது. ரயில் பாலத்துக்குக் காவ நின்னது, சுனாமியில தேவனாம்பட்டினத்துல பொணம் தூக்குனது, கொள்ளிடம் வெள்ளத்துல குமராட்சி பக்கம் போட் ஓட்டுனது, எல்லாம் கீது. 2009 எங்கய்யா?"

"அது மலமேல இருந்த வருஷம் சார். பேப்பரு சரியா இல்ல."

"உன்கிட்ட பேப்பரு இல்லியா? இட்லிக் கடையில மாவு இல்லன்ற மாதிரி கீது. நம்ம பெருமையே அந்த வருஷம்தான். எலி தின்னுடுச்சா?"

"எழுதறேன் சார்."

எலி தின்னவில்லை. அந்த வருஷத்துக்கு வந்ததும் பத்து விரலும் மரத்துப்போயின, அவ்வளவுதான். பேருக்குத்தான் தைரியராஜ்.

போனை வைத்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கடை வாசலில் யூசுப் வந்து நின்றான். பட்டாளத்தில் முஹம்மது யூசுப் என்று இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் கடலூர் மாவட்டம், கிட்டத்தட்ட ஒரே வயசு. அதனால் ஊரை முன்னால் ஒட்டிக் கூப்பிடுவார்கள். பரங்கிப்பேட்டை யூசுப் எப்போதோ வேலையை விட்டு துபாய் போய்விட்டான். இவன் லால்பேட்டை யூசுப். குமராட்சிப் பக்கம் மினி பஸ் ஓட்டுகிறான், பட்டாளத்திலும் இன்னும் இருக்கிறான். பெருநாளைக்குத் தைரியராஜ் வீட்டுக்கு பிரியாணி தூக்கில் வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து அதிரசம் போகும். கூடப்பிறந்தவர்கள்கூட அப்படி இருக்க மாட்டார்கள் என்று சவரிமேரி சொல்வாள். அவள் தைரியராஜின் மனைவி. அவளுக்கு எதுவும் தெரியாது.

"அண்ணே, காயிதம் வந்துடுச்சு" என்றான் யூசுப். "வெள்ளிக்கிழமைக்குள்ள ரிப்போர்ட் பண்ணணும். மொத்த பட்டாலியனும் போவுது. ரெகுலர் ஆளுங்க முன்னாடி போறாங்க, அவுங்க விட்டுட்டுப் போற எடத்துல நாம நிக்கணும். பாலம், ரோடு, கிடங்கு எல்லாம் நம்ம தலையில."

"எத்தினி நாளைக்கு?"

"அது யாருக்குத் தெரியும்? நீங்க சொல்வீங்கல்ல, நம்ம வேலையே ஆள் இல்லாத எடத்துல ஆளா நிக்கறதுன்னு." சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அதுக்கு முன்னாடி ஒரு உதவி வேணும்ணே. நாளைக்கு சிதம்பரம் வரணும் நீங்க. ருக்கையா வீட்டுக்கு."

ருக்கையா அவனுடைய தங்கை. தாயில்லாப் பிள்ளைகள், இவன்தான் தூக்கி வளர்த்தான் என்று சொல்லியிருக்கிறான். சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டு நன்றாக இருக்கிறாள் என்பது மட்டும்தான் தைரியராஜுக்குத் தெரியும்.

"என்ன விசேஷம்?"

"அவ பொண்ணு நஜியாவுக்கு அடுத்த மாசம் நிக்காஹ். நான் இருக்க மாட்டேன். இருந்தாலும் கூப்பிட மாட்டா." யூசுப் கையிலிருந்த காகிதத்தை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான். "அவ என்கிட்ட பேசி பதினாறு வருஷம் ஆச்சுண்ணே."

"என்னடா சொல்ற?"

"வெளிய சொல்ற விஷயமா இது? அத்தா மவுத்தானப்போ ஆரம்பிச்சது. நான் போய்ச் சேந்தப்போ அடக்கம் பண்ணி ரெண்டு வாரம் ஆயிடுச்சு. எனக்குத் தகவலே வரலம்மான்னேன். அவ சொல்றா, நானே ஆபீஸுக்கு ரெண்டு தடவ போன் பண்ணுனேன், உங்கண்ணன் கெளம்பிட்டாருன்னு சொன்னாங்கங்கறா. அதுக்கு மேல ஒருத்தன், 'பட்டாளத்து யூசுப்பு சிதம்பரம் ஸ்டேஷன்ல பெட்டியோட எறங்குனத எங்கண்ணால பாத்தேன்'னு கொளுத்திப் போட்டுட்டான். நான் அப்போ மலமேல பனிய வெட்டிக்கிட்டு இருக்கேன்! அத்தா சாகக் கெடக்கறாங்கன்னு தெரிஞ்சும் லீவப் போட்டுட்டு எங்கயோ சுத்துனேன்னு முடிவு பண்ணிட்டா. நான் அவளப் பொய்க்காரின்னேன், அவ என்ன ஹராமின்னா. அதோட சரி."

தைரியராஜ் மேசைமேல் கிடந்த காகிதங்களை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

"நீங்க ஒருத்தர்தான்ணே எனக்கு சாட்சி. அன்னிக்கு வேளாங்கண்ணி மாதா மேல சத்தியம் பண்ணிச் சொன்னீங்கல்ல, முன்னாடி போனே வரல, இந்த ஒரு போன்தான் வந்துதுன்னு? அத அவ மூஞ்சிக்கு நேரா ஒரு தடவ சொல்லிடுங்க. போதும். நான் நிம்மதியா பெட்டியக் கட்டுவேன்."

"வரேன்" என்றார் தைரியராஜ். வேறு என்ன சொல்வது?

அவன் போன பிறகு ஆதார் திருத்தத்துக்கு வந்த ஒரு அம்மாவின் பிறந்த வருஷத்தை 2009 என்று அடித்துக் கொடுத்தார். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நான் இன்னும் ஸ்கூலுக்குப் போவணுமா சார்?" என்று கேட்டாள்.

நடந்தது இதுதான்.

2009 ஜனவரி. பட்டாலியன் வடக்கே மலைமேல் இருந்தது. ஆபீஸ் கீழே ஒரு பங்கரில். ஆட்கள் மேலே, ஆளுக்கொரு போஸ்டில். செல்போன் கிடையாது. ஊரிலிருந்து அவசரம் என்றால் ஆபீஸுக்குத்தான் வரும், எடுப்பது தைரியராஜ்தான். அந்த மாதம் அவருடைய அம்மா ஆரோக்கியம்மாள் கடலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளை அவர் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் அது ஆத்தாவைப் பற்றிய சேதியாக இருக்கக் கூடாதே என்று மனசு அடித்துக்கொள்ளும்.

ஒரு நாள் மத்தியானம் மணி அடித்தது. ஒரே இரைச்சல். நடுவில் ஒரு பெண் குரல் தமிழில் அழுதது. "யூசுப்போட தங்கச்சி பேசுறேன்... அத்தாவுக்கு ரொம்ப முடியல... அவுங்கள உடனே அனுப்புங்க..." எந்த யூசுப் என்று கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

தைரியராஜ் காதில் விழுந்தது 'ஆத்தாவுக்கு' என்று. அத்தா என்றால் அவர்கள் வீட்டில் அப்பா என்பது அவருக்குத் தெரியாதா? கடலூரில் பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? லால்பேட்டை யூசுப்பே நாளைக்குப் பத்து முறை அத்தா அத்தா என்பான். ஆனால் அன்றைக்கு அவர் காதுக்குள் அவருடைய ஆத்தாதான் படுத்திருந்தாள்.

அடுத்து அந்த மனப்பாடம் வந்து குறுக்கே நின்றது. லால்பேட்டையானுக்கு ஆத்தா இல்லை, பன்னிரண்டு வயசிலேயே போய்விட்டாள். ஆக, இது பரங்கிப்பேட்டை யூசுப்தான். எவ்வளவு சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு கணம் சந்தோஷம்கூடப் பட்டார். செய்திப் புத்தகத்தில் 'யூசுப், மதர் சீரியஸ், உடனே அனுப்பவும், தங்கை' என்று எழுதினார். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. மறுநாள் விடியலில் போகும் வண்டிதான் கடைசி, அதில் ஒரே ஓர் இடம். பரங்கிப்பேட்டையானை அதில் ஏற்றி அனுப்பினார்.

அவன் ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். அவனுடைய உம்மா அடுப்படியில் கொடுவா மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். யார் செய்த புண்ணியமோ என்று ஒரு மாதம் தின்று தூங்கிவிட்டு வந்தான். விசாரித்தால் லீவு வெட்டாகும் என்று பயந்து அவனும் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஐந்தாம் நாளில் அதே பெண் குரல் மறுபடியும் வந்தது. "எங்கண்ணன் கெளம்பிட்டாங்களா சார்?"

"கெளம்பிட்டாரும்மா. இந்நேரம் ஊருக்குக் கிட்ட வந்திருப்பாரு, தைரியமா இரு" என்றார் தைரியராஜ்.

ஒன்பதாம் நாள் ஓர் ஆண் குரல். "லால்பேட்டையிலேருந்து பேசுறேன். யூசுப்போட அத்தா மவுத்தாயிட்டாங்க. மகனுக்காக வெச்சிருக்க முடியாது, இன்னிக்கே அடக்கம் பண்றோம். அவர்ட்ட சொல்லிடுங்க."

லைன் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. லால்பேட்டை. அத்தா. ஒன்பது நாள்! ஐந்து நாளில் போயிருக்கலாம். நாலு நாள் அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

காது தவறியதற்கு அவரை யாரும் தூக்கில் போட்டிருக்கப் போவதில்லை. ஆனால் ஆபீசர் கேட்பார், பதவி உயர்வு நிற்கும், எல்லாவற்றுக்கும் மேல் யூசுப்பின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தைரியராஜ் செய்திப் புத்தகத்தில் அந்தத் தாளைக் கிழித்தார். மேல் போஸ்டிலிருந்து இறங்கி வந்த யூசுப், "முன்னாடியே ஏதாச்சும் போன் வந்துதாண்ணே?" என்று கேட்டபோது, "மாதா மேல சத்தியமா இதுதான்டா முதல் போன்" என்றார். அவன் அவருடைய தோளில் விழுந்து அழுதான். அவர் தட்டிக் கொடுத்தார். அந்தக் கையை அன்றைக்கே வெட்டிப் போட்டிருக்கலாம் என்று பிற்பாடு பல தடவை நினைத்திருக்கிறார்.

கிழித்த தாளை எரிக்கவில்லை. கிளார்க்குக்குக் காகிதத்தை எரிக்கக் கை வராது. ஜெபப் புத்தகத்தின் அட்டைக்குள் செருகி வைத்தார், பதினாறு வருஷமாக அங்கேயே இருக்கிறது. ஒவ்வொரு தவக்காலத்திலும் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்வார். சாமியாரிடம் கோபப்பட்டேன் என்பார், பூசைக்குப் போகவில்லை என்பார், கடைசியில் 'சில பொய்கள் சொன்னேன் சாமி' என்பார். சாமியாரும் மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். எத்தனையோ சாமியார்கள் மாறிவிட்டார்கள். இவர் மட்டும் அந்தச் 'சில பொய்கள்' என்ற ஒரே சொல்லுக்குள் ஒளிந்துகொண்டே இருந்தார்.

யூசுப் வந்துபோன மறுநாள் காலையில் சவரிமேரி இட்லியை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். அவர் ஒன்றைப் பிய்த்துத் தட்டிலேயே வைத்திருந்தார்.

"யூசுப்புக்கு நல்லது பண்ணப் போறீங்க. மூஞ்சப் பாத்தா கோர்ட்டுக்குப் போற மாதிரி இருக்குது" என்றாள்.

"ஒண்ணும் இல்ல, போ."

"ஒண்ணும் இல்லாதவரு எதுக்கு ஜெபப் புஸ்தகத்த பையில வெக்கிறீரு? பாய் வூட்டுல ஜெபமாலை சொல்லப் போறீரா?"

அவருக்கே தெரியவில்லை. சத்தியம் செய்யத்தான் கிளம்பினார், அதில் சந்தேகம் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சொல்ல வேண்டியதை ஒத்திகையும் பார்த்தார். 'அம்மா, உங்களுக்கு யாரு பதில் சொன்னாங்கன்னு தெரியல, கீழ பெரிய ஆபீஸ்ல யாராவது தெரியாம சொல்லியிருப்பாங்க, எங்களுக்குத் தகவல் வரல.' நன்றாகத்தான் இருந்தது. ஒரு பொய்யால் பிரிந்தவர்களை இன்னொரு பொய்யால் சேர்த்து வைத்தால் கணக்கு நேராகிவிடாதா? அண்ணன் தங்கை சேர்ந்தால் போதாதா? உண்மையைச் சொல்லி யார் வயிறு நிறையப் போகிறது? இப்படியெல்லாம் அவருக்கு நியாயம் கிடைத்துக்கொண்டே வந்தது. முட்லூரில் பஸ் நின்றபோது கண்டக்டர் "பரங்கிப்பேட்டல்லாம் எறங்கு" என்று கத்தினார். தைரியராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் யூசுப் காத்திருந்தான். புதுச் சட்டை, கையில் இனிப்பு டப்பா. "வாங்கண்ணே" என்று பையை வாங்கிக்கொள்ள வந்தான். தைரியராஜ் பையைக் கொடுக்கவில்லை.

பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சின்னத் தெரு. ருக்கையாவின் கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார், வீட்டில் அவளும் மகளும்தான். நாற்பது வயசுக்காரி, தலைத் துணியை இழுத்து விட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். அண்ணனைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி இவரைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றாள். யூசுப்பின் இனிப்பு டப்பாவை வாங்கவில்லை. அவன் அதை டீப்பாயின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றான். ஒரு ஹவில்தார், நாலு வருஷம் எல்லையில் நின்றவன், தங்கை வீட்டில் உட்காரத் தைரியம் இல்லாமல் நின்றான்.

தைரியராஜ் தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கு வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. குரலை அவள் கண்டுபிடித்துவிட்டால்?

"இவருதான் கிளார்க்கா இருந்தவரு" என்றான் யூசுப், பொதுவாக, யாரிடமும் இல்லாமல். "அத்தாவுக்கு முடியாம இருக்கறப்போ தகவல் வந்துதா இல்லையான்னு இவரக் கேட்டுக்கச் சொல்லுங்க."

ருக்கையா எதிரில் உட்கார்ந்தாள்.

"அய்யா, உங்களப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். பொய் சொல்ற ஆளு இல்லன்னு சொல்வாங்க. என் பொண்ணுக்குக் கல்யாணம் வருது. தாய்மாமன் பட்டாளத்துக்குப் போறாரு. இத்தினி வருஷம் புடிவாதமா இருந்துட்டேன், இப்ப எனக்கும் பயமா இருக்கு. போன எடத்துல ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? அதனால ஒரு முடிவுக்கு வந்துட்டேன். நீங்க சத்தியம் பண்ணிச் சொன்னா நம்பிடுறேன்."

யூசுப் சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தான்.

"ஆனா ஒண்ணு" என்றாள் ருக்கையா. "அப்டின்னா நான் போன்ல கேட்டது பொய்யின்னு ஆவுது. கேக்காததக் கேட்டேன்னு ஆவுது. அத்தா ஒம்பது நாளும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாங்க. 'வந்துட்டானா'ம்பாங்க, 'வந்துக்கிட்டு இருக்காங்க அத்தா'ம்பேன். கடேசி மூச்சு வரைக்கும் அதத்தான் சொன்னேன். அப்ப சாவுற மனுஷன்கிட்ட நான் பொய் சொல்லித்தான் அனுப்பியிருக்கேன். பரவால்ல, அந்தப் பாவத்த நான் ஏத்துக்கறேன். எனக்கு அண்ணன் வேணும். சொல்லுங்கய்யா."

ஒத்திகை பார்த்த அத்தனையும் தைரியராஜின் வாயில் தயாராக இருந்தது. ஒரு வாக்கியம், அவ்வளவுதான். அவர் சொல்ல வேண்டியதுதான் பாக்கி, பாவத்தை வாங்கிக்கொள்ள எதிரில் ஒருத்தி மடியை ஏந்தி உட்கார்ந்திருந்தாள். பதினாறு வருஷம் அவர் சுமந்ததை அவள் வாங்கிக்கொள்வாள், நன்றியும் சொல்வாள். இதைவிடக் கேவலம் ஒன்று இருக்க முடியுமா என்று அவருக்குத் தோன்றியது.

"நீ பொய் சொல்லலம்மா" என்றார்.

ருக்கையா சட்டென்று தலையைத் தூக்கினாள். பழைய போன் குரலை அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்பது அவள் பார்த்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

"கெளம்பிட்டாரும்மா, தைரியமா இருன்னு சொன்னது நான்தான். முதல் போன எடுத்ததும் நான்தான். நீ அத்தான்னு சொன்ன. என் காதுல ஆத்தான்னு விழுந்துது. இவனுக்குத்தான் ஆத்தா இல்லையேன்னு பரங்கிப்பேட்ட யூசுப்ப அனுப்பிட்டேன். ஸ்டேஷன்ல எறங்குனவன் அவன்தான். அப்புறம் தெரிஞ்சுது. தெரிஞ்சும் இவன்கிட்ட மறச்சேன். மாதா மேல பொய்ச் சத்தியம் பண்ணுனேன்."

பையிலிருந்து ஜெபப் புத்தகத்தை எடுத்தார். அட்டைக்குள்ளிருந்து தாளை உருவும்போது மடிப்பில் கிழிந்தது. டீப்பாயின் மேல் இரண்டு துண்டையும் ஒட்டி வைத்தார். நீல மசியில் அவருடைய கையெழுத்து, கிளார்க் கையெழுத்து, அச்சடித்த மாதிரி. யூசுப், மதர் சீரியஸ்.

ருக்கையா குனிந்து படித்தாள். விரலால் அந்தத் தேதியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அன்னிக்கு திங்கக்கெழம" என்றாள், தனக்குத்தானே. "எஸ்.டி.டி. பூத்துல நாப்பது நிமிஷம் நின்னேன்."

யூசுப் அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. தைரியராஜைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான், அடிப்பான் என்று அவர் காத்திருந்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவன் அசையவில்லை.

"அண்ணே" என்றாள் ருக்கையா.

தைரியராஜ் ஏறிட்டுப் பார்த்தார். அவள் சுவரோரம் பார்த்துக்கொண்டிருந்தாள். யூசுப்பின் முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டது. அவள் எழுந்து போய் அவனுடைய சட்டைக் கையைப் பிடித்தாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுததை இவர் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து நஜியா ஓடி வந்து என்ன ஏது என்று தெரியாமல் அவளும் அழுதாள். அந்த வீட்டில் தான் ஒருவர் அதிகம் என்று தெரிந்துகொண்டு தைரியராஜ் எழுந்து வெளியே வந்தார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது யூசுப் பின்னாலேயே வந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"காது தப்புனதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றான். "லைன் அப்டி. யாருக்கும் வரும். அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு அடி அடிச்சிருப்பேன். அடிச்சிட்டு உங்க தோள்லயே விழுந்து அழுதிருப்பேன். வேற யாரு இருந்தாங்க எனக்கு அங்க?"

"யூசுப்பு..."

"பதினாறு வருஷம் என் வூட்டு பிரியாணிய எப்டித் தின்னீங்க?"

அவன் கத்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மாதிரிதான் கேட்டான். ஒவ்வொரு பெருநாளும் முதல் கவளம் தொண்டையில் நிற்கும், தண்ணீர் குடித்து இறக்குவார். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

தெருவில் ஓர் ஆட்டோ வந்தது. யூசுப் கையைக் காட்டி நிறுத்தினான்.

"பஸ் ஸ்டாண்டுல வுட்டுருப்பா" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு இவர் பக்கம் திரும்பினான். "அந்தப் புஸ்தகத்துல 2009 இல்லியாமே. சுபேதார் சார் சொன்னாரு. எழுதுங்க, கிளார்க் சார்."

கிளார்க் சார். பட்டாளத்தில் சேர்ந்த முதல் மாதத்தில்தான் அவன் அப்படிக் கூப்பிட்டிருக்கிறான். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான்.

"எல்லாத்தையும் எழுதுங்க. யாருக்கும் மறைக்க வேணாம். அத்தான்னு மட்டும் சரியா எழுதுங்க, சின்ன 'அ' போட்டு."

சொல்லிவிட்டு உள்ளே போனான். தைரியராஜ் ஆட்டோவில் ஒரு காலை வைத்தார்.

"அண்ணே!" என்று ஒரு குரல் வீட்டுக்குள்ளிருந்து கேட்டது.

பழக்க தோஷத்தில் அவர் திரும்பிவிட்டார். திறந்திருந்த கதவு வழியாக ருக்கையா தெரிந்தாள். அவள் யூசுப்புக்குக் கை கழுவத் தண்ணீர் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"போலாமா சார்?" என்றார் ஆட்டோக்காரர்.